பாக்குவெட்டித் தவளை

போன வாரம் காட்டு இலாகாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். எண் அடித்த தகர வில்லைகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்கள். பனச்சமூட்டுக்குக் கிழக்கே ஓடைக்கரையில், பாம்புத் தெய்வத்துக்கென்று விட்டுவைத்த தோப்பான நாகர்காவுக்குள் போய், மரத்துக்கு மரம் ஒரு வில்லையை ஆணியால் அடித்து, உள்ளே என்னென்ன உண்டு என்று எழுத வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. அந்தக் காவைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வழி காட்டவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏன் காட்டவில்லை என்று வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் இருமல் வந்து கெடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படிக்கட்டும்.

நான் காட்டுக் காவலனாகச் சேர்ந்தது திருவிதாங்கூர் தம்புரானின் ஆட்சியில், மீசை சரியாக அரும்பாத வயதில். சொந்த ஊர் பாறசாலை. ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே மலைக்காட்டில் சில ஆண்டுகள் பழகினேன். அங்கே கற்றது ஒரே ஒரு வித்தை, எண்ணுவது. தேக்கு, ஈட்டி, தம்பகம் என்று விலை போகும் மரமாகப் பார்த்து, நெஞ்சுயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து, பட்டையைச் செதுக்கி, முத்திரைச் சுத்தியலால் ஓர் அடி. நாங்கள் எண்ணிய மரம் அடுத்த வேனலில் நிற்காது. ஊர்க்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். எங்கள் காக்கிச் சட்டை தென்பட்டாலே பெண்கள், “எண்ணுகதுக்கு வந்தாச்சு, இனி வெட்டுகதுக்கு வருவானுவ” என்று எங்கள் காதில் விழும்படியே பேசுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் கோசி சார் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். மீனச்சில் பக்கத்துக் கிறிஸ்தவர், வடநாட்டில் காட்டுப் படிப்புப் படித்தவர். ஒல்லியான நீண்ட உடம்பு. மலையாளம் தோய்ந்த தமிழில் கொஞ்சமாகப் பேசுவார். மற்ற அதிகாரிகள் வந்தால் நாற்காலியும் குடையும் முன்னால் போகும். இவர் வந்த முதல் நாளே காட்டின் விளிம்பில் நின்று ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தோளில் கிடந்த தேங்காய்நார்க் கயிற்றைத் தரையில் சதுரமாகப் போட்டு, நாலு மூலையிலும் எங்களில் ஆளுக்கொருவரை உட்காரச் சொன்னார்.

“என்னத்த எண்ணணும் சார்?” என்று கேட்டேன்.

“எல்லாம்.”

“எல்லாம்னா, தேக்கா?”

“எல்லாம்னா எல்லாம். புல்லு, பாசி, எறும்பு, நத்தை. கயித்துக்கு உள்ள உள்ளதெல்லாம். பட்சே இப்ப வேண்டா. முதல்ல இந்த ஸ்தலம் நம்மள மறக்கட்டு.”

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்தோம். பேசக்கூடாது, சொறியக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது. மனிதன் காலடி வைத்ததும் காடு வாயை மூடிக்கொள்ளும், அது மறுபடி வாயைத் திறக்கும்வரை எண்ணினால் நாம் எண்ணுவது பயந்துபோன காட்டைத்தான் என்பது அவருடைய கணக்கு. சில நாள் சீக்கிரம் மறக்கும். சில நாள் நாங்கள் தூங்கி விழுந்து எழுந்த பின்னும் மறக்காது. எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இதற்கா தம்புரான் சம்பளம் கொடுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள், என் முழங்காலுக்குப் பக்கத்து இலை ஒன்று தானாக அசைந்தது. அடியிலிருந்து ஒரு சிவப்பு நண்டு வந்து என் பெருவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கல்லைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போனது. தலைக்கு மேலே நின்றுபோயிருந்த பறவைச் சத்தம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நான் அங்கே இல்லை. அப்படி இல்லாமல் போவதில் ஒரு சுகம் இருந்தது. அதன் பிறகு எனக்கு அந்தக் கயிற்றின்மேல் ஆசை பிடித்துவிட்டது.

மறந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் விரலைத் தூக்குவார். மூலையிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு செடியாக, ஒவ்வொரு பூச்சியாக, தணிந்த குரலில் சொல்லவேண்டும். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் கண்ணில் பட்ட லட்சணம். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இது இல்லாம போனா யாரு தேடும்?”

கொட்டையைத் தின்ன வரும் பறவை தேடும், அடியில் முட்டை போடும் பூச்சி தேடும் என்று நாங்கள் சொல்வோம். தெரியாவிட்டால் “தெரியாது” என்று சொல்லவேண்டும். சும்மா ஒன்றை இட்டுக்கட்டினால் அவருக்குக் கோபம் வரும். தெரியாது என்று சொன்னால் சந்தோஷப்படுவார். வாழ்க்கையில் நான் வேறெந்த அதிகாரியிடமும் இந்தக் குணத்தைப் பார்த்ததில்லை.

மலையில் அப்போது காட்டை வெட்டித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாழ்நிலத்துக் காடு எப்போதோ போய்விட்டது. எஞ்சியிருப்பது வீட்டு வளாகங்களில் நிற்கும் நாகர்காவுகளில்தான் என்பது கோசி சாரின் எண்ணம். குளத்தூரிலிருந்து பனச்சமூடு வரைக்கும் ஒவ்வொரு காவாகப் பார்க்க உத்தரவு வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவரால் ஒன்றுக்குள்ளும் கால் வைக்க முடியாது என்று. கிறிஸ்தவர் ஆயிற்றே. காவுக்குள் வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. இரும்பு கொண்டுபோகக்கூடாது. சட்டை ஆகாது. குளித்த ஈரத்துணியோடு போகவேண்டும். இலை ஒன்றைக்கூடப் பறிக்கக்கூடாது, உதிர்ந்ததையும் வெளியே எடுத்து வரக்கூடாது. அவர் காவின் கல்வரம்புக்கு வெளியே நிற்க நான் மட்டும் உள்ளே போவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

“உனக்குக் கண்ணு உண்டு, எனக்குக் காது உண்டு. போதும்,” என்றார்.

அப்படித்தான் வேலாயுதம் பிள்ளையின் காவுக்குப் போனோம். பிள்ளை பகுதிக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்து ஓய்ந்தவர், பனச்சமூட்டுப் பக்கம் பழைய சைவக் குடும்பம். வீட்டின் வடக்குப் புறத்தை ஒட்டியே காவு. எங்களைப் பார்த்ததும் முகம் சுளிக்காமல் மோர் கொடுத்தார். பிறகு சொன்னார்:

“எண்ணும் வே, நல்லா எண்ணும். எண்ணிப் போட்டு என்ன? அடுத்த ஆண்டு அங்க தென்னையாக்கும் நிக்கும்.”

காரணம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது. அவருடைய மகள் தங்கம், சின்னப் பெண். முந்தைய ஆண்டு காவின் ஓரத்தில் விளையாடும்போது விரியன் தீண்டிவிட்டது. விஷவைத்தியர் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார். இடது கால் மட்டும் சூம்பிப் போனது. அன்றிலிருந்து அவளுடைய தாய் சிவகாமியம்மை ராத்திரியில் கண்ணை மூடவில்லை என்றார் பிள்ளை. வடக்கேயிருந்து நம்பூதிரியை வரவழைத்துச் சடங்கு செய்து, நாகரைக் கல்லோடு வேறிடத்துக்குக் குடிமாற்றப் போகிறார்கள். இதற்குக் காவு மாற்றம் என்று பெயர். நாகர் போய்விட்டால் பழைய இடம் வெறும் பறம்பு, தோட்டம் போடுகிற நிலம். கோடரி உள்ளே போகலாம்.

அந்த அம்மாவின் பயத்தை நான் பார்த்தேன். பேசும்போதும் அவருடைய கண் மகளின் காலடி மண்ணிலேயே இருந்தது. அந்தக் காவு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் உண்டு.

நான் குளித்து, ஈரத்துணியோடு உள்ளே போனேன். சூரல் என்னும் முள்பிரம்புப் புதரை விலக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் வெயில் நின்றுவிட்டது. தரையிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கணுக்கால் வரை குளிர்ந்த கறுப்புச் சேறு. அதிலிருந்து வேர்கள் முழங்காலை மடக்கி வைத்ததுபோல் வளைந்து வளைந்து எழுந்து மறுபடி சேற்றுக்குள் போயின. பெரிய பெரிய மரங்கள். ஒன்றின் அடியில் வெடித்த காய் கிடந்தது. உள்ளே கொட்டையைச் சுற்றிச் செக்கச்சிவந்த வலை.

“ஜாதிக்காய் மாதிரி இருக்கு சார். ஆனா ஜாதிக்காய் இல்ல,” என்று உரக்கச் சொன்னேன்.

அவர் வரம்பை ஒட்டி வந்து நின்று கேட்டார். “வேரு? வேரு எப்படி? முட்டு மடக்கினதுபோல உண்டோ?”

“உண்டு சார்.”

“தெய்வமே,” என்றார். காட்டுச்சாதி, அதாவது காட்டு ஜாதிக்காய் மரம் அது. தண்ணீர் ஊறும் காட்டில் மட்டும் நிற்பது. மலையிலேயே அபூர்வமாகிவிட்டது. அது நாட்டுக்குள், ஒரு வீட்டின் புறவாசலில் நிற்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவர் வரம்புக் கல்லில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் உள்ளே உட்கார்ந்து, காவு என்னை மறக்கக் காத்திருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. முதலில் அந்தச் சத்தம்தான் வந்தது. டக்... டக்... யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பாக்குவெட்டியால் நிதானமாகப் பாக்கு நறுக்குவதுபோல. வேரின் வளைவில் நகக்கண் அளவு தவளை ஒன்று, தொண்டையை ஊதி ஊதி. வெளியிலிருந்து கோசி சாரும் கேட்டுவிட்டார். அதற்குப் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியாது. பாக்குவெட்டித் தவளை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பல நாள் இப்படி நான் சொல்ல அவர் கேட்டார். என் குரலிலேயே அந்தக் காவு முழுவதையும் பார்த்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றும். பெரணி எந்தக் கல்லில், மரத்தில் ஒட்டிப் பூக்கும் மரவாழை எந்தக் கிளையில் என்று பிறகு என்னிடம் திருப்பிச் சொல்வார்.

தனியார் நிலம். தடுக்க இலாகாவுக்கு அதிகாரம் இல்லை. தடுக்க அவருக்கு மனமும் இல்லை. “அந்தக் குட்டியின் கால் கண்டில்லே நீ?” என்று மட்டும் என்னிடம் கேட்டார். நம்பூதிரி வந்த அன்று, முற்றத்துக்கு வெளியே தள்ளி நின்று அவரிடம் கேட்டார்:

“திருமேனி, ஒரு சம்சயம். நாகர் குடி மாறும்போ கூட என்னெல்லாம் கொண்டுபோகணும்?”

நம்பூதிரி வயதானவர், குறும்பு உள்ளவர். “வேண்டியதெல்லாம் கொண்டுபோகணும். வீடு மாறும்போ உரலும் அம்மியும் விட்டுட்டுப் போகுமோ?” என்றார்.

கோசி சார் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளை தலையைச் சொறிந்தார். “சாரே, திருமேனி சொல்லியாச்சு. எடுத்துட்டுப் போங்க. ஒரு மழைக்காலம் தாறேன்.”

புதிய இடமும் பிள்ளையின் நிலம்தான். வீட்டிலிருந்து கிழக்கே வயலைத் தாண்டி, ஓடைக்கரையில் ஊற்றுள்ள ஒரு மூலை. நாகர் கற்களை அதன் பக்கத்தில் ஓலைச் சார்ப்பின்கீழ் தற்காலிகமாக வைப்பது, அடுத்த ஆண்டு ஐப்பசி ஆயில்யத்தில் முறைப்படி பிரதிஷ்டை செய்வது என்று முடிவாயிற்று. அதுவரை அந்த இடமும் காவு அல்ல, பழைய இடமும் காவு அல்ல. யாரும் நுழையலாம்.

சடங்கு முடிந்து கற்கள் வெளியேறியதும் கோசி சார் ஷூவைக் கழற்றினார். அந்தக் காவு காவாக இல்லாமல் போன நாளில்தான் அவர் முதன்முதலாக அதற்குள் போனார். நேராக நடந்து, நான் வழக்கமாக உட்காரும் வேரில் போய் உட்கார்ந்தார். எதைப் பார்த்தும் அவர் ஆச்சரியப்படவில்லை. மேலே பார்த்தார், மரவாழை நான் சொன்ன கிளையில் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. பாக்குவெட்டி அவரை மறந்து கூப்பிடத் தொடங்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, “எடுக்கலாம்,” என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. பெரிய மரங்களை நாங்கள் என்ன செய்ய முடியும்? கன்றுகளைத்தான் எடுக்க முடிந்தது. கமுகம்பாளையை மடித்துத் தொட்டியாகக் கட்டி, காட்டுச்சாதிக் கன்றுகளை வேர் கலையாமல் அந்தச் சேற்றோடு அதில் இறக்கினோம். சூரலைத் தூராகப் பெயர்த்தோம். பெரணி படர்ந்த கற்களைக் கயிற்றுத் தொட்டிலில் சுமந்தோம். இலையின் அடியில் தவளை முட்டைச் சளி ஒட்டியிருந்தால் அந்தக் கொம்பை அப்படியே முறித்து, நனைத்த சாக்குப் போட்டு மூடிக் கொண்டுபோனோம். எல்லாவற்றையும்விட முக்கியம் சருகு என்றார் கோசி சார். அந்தத் தரையில் மக்கிக் கிடந்த இலைக்குப்பையை ஓலைக் கடவத்தில் கூடை கூடையாக அள்ளி, மழையில் நனைந்தபடி வயல் வரப்பில் வரிசையாக நடந்தோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். “எலே, சர்க்காருக்குக் குப்பை சுமக்கவும் உத்தியோகம் உண்டா?” என்று ஒருவன் கேட்டான். உண்டு, மக்கா, நீயும் மனு போடு என்றேன்.

கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோனோம். கன்றுகளில் கொஞ்சம் ஆபீஸ் கிணற்றடியிலும் மிச்சம் வைத்தோம். ஆடியில் பழைய காவை வெட்டினார்கள். நாங்கள் இருவரும் போகவில்லை. காட்டுச்சாதியின் பட்டையில் வெட்டு விழுந்தால் ரத்தச் சிவப்பாகப் பால் வடியும். கோடரிக்காரர்கள் பயந்து பாதியில் நின்றுவிட்டு, பிறகு பிள்ளை அதட்ட வெட்டினார்களாம். அந்தக் கொட்டையைத் தேடி வந்துகொண்டிருந்த பெரிய புறாக்கள் சில நாள் அந்த வெற்று வானத்தில் சுற்றிவிட்டுப் போயின. நாங்கள் எண்ணியதில் பாதிக்கு மேல் அன்றோடு போயிற்று.

ஆவணியில் புது இடத்தைப் பார்க்கப் போனோம். தூரத்திலிருந்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, வெளிச்சமாக இருந்தது. போய்ப் பார்த்தால், தரை துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. நாங்கள் சுமந்து கொட்டிய சருகில் ஓர் இலை இல்லை. வாரியல் கீறிய வரிகள் மண்ணில் வரிசையாகத் தெரிகின்றன. சாணி தெளித்து, மூலைக்கு மூலை கோலம். கன்றுகள் வேர் காய்ந்து மஞ்சளாகத் தலை சாய்ந்துவிட்டன. கோசி சார் அந்தச் சுத்தமான தரையில் உட்கார்ந்தார். நாங்கள் எவ்வளவோ காத்திருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

பெருக்கியது சிவகாமியம்மை. தினமும் விடிகாலையில் குளித்து, வயலைக் கடந்து வந்து, ஒரு துரும்பு விடாமல் பெருக்கியிருக்கிறார். பழைய காவில் யாருக்கும் இலையைத் தொட உரிமை இல்லை. இது இன்னும் காவு ஆகவில்லையே. நாகர் குடிவரப்போகும் வீடு. அந்த அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். கோசி சார் முற்றத்தில் நின்றார். நான்தான் பேசினேன்.

“அக்கா, அந்தச் சருகை வாரப்பிடாது. அது போனா கன்னெல்லாம் செத்துப்போவும்.”

“விருந்தாளி வாற வீட்டை வாராமப் போடுவாளா தம்பி ஒருத்தி?” அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது. “எம் பிள்ளையத் தீண்டினது கோவத்துலயாக்கும். இனியும் குப்பையில கொண்டு இருத்தினா எங்கள விடுமா? நான் தூப்பேன். சாகுவது வரை தூப்பேன்.”

பயத்திலிருந்து வரும் பக்தியிடம் எதைச் சொல்வது? பிள்ளை உள்ளேயிருந்து, “நான் சொல்லிச் சலிச்சாச்சு வே,” என்றார். கோசி சார் வாயைத் திறந்தார். சொல்லப்போவது என்ன என்று எனக்குத் தெரியும்.

“அம்மே, அந்தச் சருகு இல்லாம போனா யாரு தேடும்?”

“ஆரு தேடுவா? குப்பையை ஆரு தேடுவா?”

“வாரினதை எங்க போட்டது?”

“மாட்டுத்தொழுவுக்குப் பின்னால. தென்னைக்கு வளம் ஆவுமேன்னு குமிச்சிருக்கு.”

அப்போதுதான் தங்கம், காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சொன்னாள்: “அம்மா, அங்கதான் பாக்கு வெட்டுற சத்தம் கேக்கு. நான் சொன்னேனே, நீ கேக்கல்ல.”

கோசி சார் என்னைப் பார்த்தார். இருவரும் ஓடினோம். அப்படித்தான் சொல்லவேண்டும், ஓடினோம். தொழுவத்துக்குப் பின்னால், மழையில் நனைந்து மக்கிய அந்தச் சருகுக் குவியலின் அருகில் மூச்சுவிடாமல் நின்றோம். குவியலுக்குள்ளிருந்து வந்தது. டக்... டக்... நாங்கள் சுமந்து போனதையெல்லாம் அந்த அம்மா ஒவ்வொரு நாளாகத் தன் வாரியலால் வாரி, கூடையில் வைத்து, வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

பின்னால் வந்து நின்ற சிவகாமியம்மையின் காதிலும் அது விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

“தவளையா? தவளை இருந்தா...” என்று நிறுத்தினார். தவளை இருக்கும் இடத்தை எது தேடிவரும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அவர் மகளைத் தூக்கித் திண்டில் உட்கார வைத்தார். கடவத்தை எடுத்தார். யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் குவியலைக் கையாலேயே அள்ளி, தலையில் வைத்து, வயல் வரப்பில் நடந்தார். நாங்களும் ஆளுக்கொரு கடவத்தோடு பின்னால் போனோம். பொழுது சாயும்வரை சுமந்தோம். கடைசிக் கடவத்தை அந்த அம்மா கோலத்தின் மேலேயே கொட்டினார். கொட்டிவிட்டு, “பொறுத்துக்கிடணும்,” என்றார். நாகரிடம் சொன்னாரா, கோசி சாரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

கிணற்றடியில் வைத்திருந்த கன்றுகளைக் கொண்டுவந்து நட்டோம். ஆனால் கோசி சாருக்கு நிம்மதி இல்லை. இன்று பயத்தால் சுமந்தவர் நாளை வேறொரு பயத்தால் பெருக்கலாம். இல்லாவிட்டால் மாடு இறங்கும், விறகுக்கு ஆள் வரும். பழைய காவை அத்தனை தலைமுறை காத்தது இலாகாவா, கயிறா? ஒன்றும் இல்லை. யாரும் உள்ளே போகாததுதான் காத்தது. நம்பூதிரிக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஐப்பசி ஆயில்யத்திலேயே பிரதிஷ்டை செய்து அடைத்துவிடவேண்டும். விளக்குக்கூட வரம்புக்கு வெளியேதான். ஆண்டுக்கொருமுறை நூறும் பாலும் என்ற மஞ்சள்மாவுப் படையலை வைப்பதற்கு மட்டும் ஒருவர் வாசல்வரை போகலாம், உள்ளே இல்லை.

நம்பூதிரி வந்தார். விஷயத்தைக் கேட்டு, கோசி சாரை நெடுநேரம் பார்த்தார். இந்தமுறை குறும்பு இல்லை.

“அடைச்சா பின்னெ உமக்கும் உள்ளே போக முடியாது.”

“தெரியும்.”

“இனியும் ஒரு வருஷம் உண்டு. அது வரை வந்து நோக்கலாம், அளக்கலாம். நட்டது பிடிச்சுதோ பட்டுப்போச்சோன்னு அறிய வேண்டாமோ உமக்கு?”

“அறியணும்னு ஆசை உண்டு,” என்றார் கோசி சார். ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டு, “பட்சே அடைக்கணும்,” என்றார்.

தகர வில்லைக்காரத் தம்பிகள் என்னிடம் கேட்டது இதைத்தான், உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று. எனக்குத் தெரியாது. கோசி சாருக்கும் தெரியாமலே போயிற்று. எண்ணுவதை உயிராக நினைத்த ஒரு மனிதர், தான் எண்ணியதில் எது மிஞ்சியது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுத்து வாங்கிய காவு அது. அவர்கள் கையில் ஆணி இருக்கிறது. ஆணி இரும்பு. எழுதவேண்டிய இடத்தில் “தெரியாது” என்று எழுதட்டும். கோசி சார் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆயில்யத்தன்று சடங்கு தொடங்குவதற்கு முன்னால் அவர் கடைசியாக ஒருமுறை உள்ளே போனார். கன்று ஒன்றின் அடிச்சேற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். கயிற்றைப் போடவில்லை. திரும்பி வரும்போது தன் காலடித் தடங்களின்மேல் சருகை இழுத்து மூடிக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தார். கற்கள் உள்ளே போயின. மணி அடித்தது. வாசலில் சூரல் முள்ளை வைத்து அடைத்தார்கள். சிவகாமியம்மை தங்கத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரம்புக்கு வெளியே விளக்கேற்றினார். பிறகு எல்லாரும் பாயசத்துக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் இருவரும் கல்வரம்பின் வெளிப்புறத்தில் உட்கார்ந்தோம். பழைய காவின் அருகே உட்கார்ந்த மாதிரியே, அவர் கல்லில் சாய்ந்து, கண்ணை மூடி. வித்தியாசம் ஒன்றுதான், இந்தமுறை உள்ளே போய்ச் சொல்ல நானும் இல்லை. மணிச் சத்தத்துக்கும் ஆள் சத்தத்துக்கும் பயந்து அந்த இடம் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. வயலில் வெயில் சாய்ந்தது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டினார்கள். எனக்குக் கால் மரத்துப்போயிற்று. எழுந்துவிடலாம் சார் என்று சொல்ல நான் வாயெடுத்தபோது அவர் விரலைத் தூக்கினார்.

டக்.

வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு வேறொரு மூலையிலிருந்து பதில்.

“கேட்டோ பரமேஸ்வரா?” என்றார், கண்ணைத் திறக்காமலே. “நம்மள மறந்து போச்சு.”

அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. எழுந்தார். ஷூவைப் போட்டுக்கொள்ள மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே பாறசாலை வரை என்னோடு நடந்தார்.